ஓடி வந்த சாமியார்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குமரி மாவட்டத்தில் ஒரு கடலோரக் கத்தோலிக்கப் பங்கைச் (ஒரு கோவிலைச் சேர்ந்த சபையை) சேர்ந்தவன். பத்தாம் வகுப்பு முடித்ததும் சாமியாராகப் பயிற்சி பெற இளங்குருமடம் போனேன். மெய்யியல் முடித்து, களப்பணி ஆண்டும் முடித்து, இறையியல் இரண்டாம் ஆண்டில் வெளியே வந்துவிட்டேன். என்னை யாரும் அனுப்பவில்லை. ஆன்ம குருவிடம் பல மாதங்கள் பேசி, ஜெபித்து, நானே எடுத்த முடிவு. இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊரில் எனக்கு 'ஓடி வந்த சாமியார்' என்று பெயர். பூசைக்கு முன்வரிசையில் உட்காரும் அம்மா இப்போது பின்னால் தூணை ஒட்டி உட்காருகிறார். போன மாதம் புதிதாக வந்த பங்குத்தந்தை என்னை ஒன்பதாம் வகுப்புக்கு மறைக்கல்வி (ஞாயிறு ஞானோபதேச வகுப்பு) எடுக்கச் சொன்னார். பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அவனுக்கே அழைத்தல் நிலைக்கலை, நம்ம பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுப்பான்?" என்று கேட்டாராம். ஃபாதர் முடிவை மாற்றவில்லை. ஆனால் எனக்குத்தான் கால் எழவில்லை. வகுப்பு எடுக்கவா, இல்லை பேசாமல் பக்கத்துப் பங்குக்குப் பூசைக்குப் போய்விடவா? இவர்கள் என்னைப் பற்றி நினைப்பது தப்பு என்று எப்படிக் காட்டுவது?

(பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

வகுப்பை எடுங்கள். முதல் கேள்விக்கு என் பதில் அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தப் பேரவை உறுப்பினர் கேட்டதைப் பார்ப்போம். அழைத்தல், அதாவது குருவாகக் கடவுள் ஒருவனை அழைப்பது, நிலைக்கவில்லை என்கிறார். குருமடத்தில் அத்தனை வருடம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? ஒரு பையன் தனக்கு இது ஆகுமா ஆகாதா என்று தெளிவதற்கும், திருச்சபை அவனைப் பார்த்துத் தெளிவதற்கும்தானே? ஆகாது என்று ஒருவன் நேர்மையாகக் கண்டுகொண்டு வெளியே வந்தால் அந்தப் பயிற்சி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். திருச்சபைச் சட்டம் 1026 இதைத் தெளிவாகவே சொல்கிறது: திருப்பட்டம் பெறுகிறவனுக்கு முழுச் சுதந்திரம் இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் எந்த விதத்திலும் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பட்டம் பெற வைக்கவே கூடாது. ஊர் என்ன சொல்லும், அம்மா எப்படித் தெருவில் நடப்பாள் என்ற பயமும் கட்டாயம்தான். அந்தப் பயத்திலேயே குருப்பட்டம் வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க வெந்து, தன் பங்கு மக்களையும் வேக வைக்கும் நிலைக்கு நீங்கள் போகவில்லை, பட்டத்துக்கு முன்பே வாயைத் திறந்து சொன்னீர்கள். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்காவது தெரிந்திருக்கும், பேசத்தான் வாய் வந்திருக்காது.

இதில் நம் பங்குகளின் பழக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு, அதை இங்கே வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். ஒரு பையன் குருமடம் போகும்போதே அவனைப் பாதிச் சாமியாராக ஆக்கிவிடுகிறோம். விடுமுறைக்கு வந்தால் பீடத்துக்குப் பக்கத்தில் தனி இருக்கை, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அவன்தான் ஜெபம் சொல்ல வேண்டும், வயதில் மூத்தவர்கள்கூட "பிரதர்" என்று எழுந்து நிற்கிறார்கள். பட்டம் வாங்கினால் ஊர் எல்லையிலிருந்து மேளதாளத்தோடு ஊர்வலம், நன்றித் திருப்பலி, சாப்பாடு, சுவரெங்கும் பேனர். சரி, அந்த மகிழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே பையன் ஐந்தாம் வருடமோ எட்டாம் வருடமோ பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் அவன் வீட்டுக்கு ஒருத்தரும் போவதில்லை, போகிறவர்களும் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் பேசுகிறார்கள், காரணத்தைத் தாங்களாகவே ஊகித்து, பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரைச் சேர்த்து, அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகிறார்கள். போகும்போது வழியனுப்பத் தெரிந்த பங்குக்குத் திரும்பி வருகிறவனை ஏற்றுக்கொள்ளவும் தெரிய வேண்டும். திரும்பி வந்த முதல் ஞாயிறே பங்குத்தந்தை அவனை அழைத்து ஒரு வாசகம் வாசிக்கச் சொன்னால் பாதிப் பேச்சு அன்றோடு நின்றுவிடும். உங்கள் புதிய பங்குத்தந்தை தாமதமாகவாவது அதைச் செய்திருக்கிறார், அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 4 வந்தால் பங்குத்தந்தையர் தினம் கொண்டாடுகிறோமே, அதற்குரிய புனிதர் ஜான் மரிய வியான்னி. குருமடத்தில் அவர் படத்தை நீங்கள் தினமும் கடந்து போயிருப்பீர்கள். குருமடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர் என்பதை மட்டும் விழாப் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

1786இல் பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலம், பள்ளிப் படிப்பு ஒழுங்காக அமையவில்லை. இருபது வயது வாலிபனாக லத்தீன் படிக்கத் தொடங்கினார், தலையில் ஏறவே இல்லை. நடுவில் நெப்போலியன் படைக்கு ஆள் எடுத்தபோது அவரும் எடுக்கப்பட்டு, தன் படைப்பிரிவைத் தவறவிட்டு, ஒரு மலைக் கிராமத்தில் தலைமறைவாக இருந்தார். படையை விட்டு ஓடியவன் என்ற பெயரும் சேர்ந்தது. 1813இல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். பாடமெல்லாம் லத்தீனில். கேட்ட கேள்வியே புரியாமல் நின்றவரைச் சில மாதங்களில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். எக்குல்லி என்ற ஊரின் பங்குத்தந்தை பாலே சாமியார். அவர் வியான்னியைத் தன் பங்கு இல்லத்திலேயே வைத்துக்கொண்டு மறுபடியும் சொல்லிக் கொடுத்தார், மறைமாவட்ட அதிகாரிகளிடம் போய்ப் பேசினார், பிரெஞ்சில் கேட்டுப் பாருங்கள் என்று மன்றாடினார். 1815 ஆகஸ்ட் 13 அன்று கிரெனோபிள் நகரில் வியான்னிக்குக் குருப்பட்டம் கிடைத்தது, அப்போது வயது 29. அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை, பாவசங்கீர்த்தனம் (ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடுவது) கேட்க உடனே அனுமதி தரவில்லை. பிறகு அனுமதி வந்ததும் அவரிடம் முதலில் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தவர் பாலே சாமியார்தான் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இது. நீ தகுதியானவன் என்று வாயால் சொல்வதை விட இது எவ்வளவோ மேல்.

1818இல் அவரை ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். சுமார் 230 பேர் இருந்த ஊர், சாராயக் கடைகள் நிறைந்திருந்தன, கோவிலுக்கு ஆள் வருவது குறைவு. இந்த ஆளால் பெரிதாகக் கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை என்று மேலிடம் நினைத்திருக்கலாம். அவர் விடிவதற்கு முன்பே போய் நற்கருணைப் பேழை முன்னால் முழந்தாளிட்டார், வீடு வீடாகப் போனார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். நடனத்தின் மேல் அவர் காட்டிய கடுமையில் எனக்கு உடன்பாடில்லை, இளசுகள் ஆடினார்கள் என்பதற்காகப் பாவமன்னிப்பையே நிறுத்திவைத்தது அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஊரிலும் பலர் அதற்காக அவர்மேல் கோபப்பட்டார்கள், அவதூறு பரப்பினார்கள். பக்கத்துப் பங்குச் சாமியார்களோ, படிப்பில்லாத இந்த ஆளை இங்கிருந்து மாற்றுங்கள் என்று ஆயருக்கு மனு எழுதினார்கள். அந்த மனு சுற்றில் வரும்போது தவறிப்போய் அவர் கைக்கே வந்தது. வாசித்துப் பார்த்து அவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

தம்பி, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் பணிவுக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் மற்றவர்கள் தன்னைப் பற்றி நினைத்ததை அவரும் பாதிக்கு மேல் நம்பினார் என்பதும் அதில் இருக்கிறது. ஆர்ஸை விட்டு ஒரு முறை இல்லை, பல முறை ஓடப் பார்த்தார், தனக்குத் தகுதியில்லை, எங்காவது ஒரு மடத்தில் போய் அழுதுகொண்டிருக்கிறேன் என்று. 1853இல் இரவோடு இரவாகக் கிளம்பியபோது ஊர் மக்களே வழிமறித்துத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். அதற்குள் ஐரோப்பா முழுக்க அவர் பெயர் தெரியும். நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (அதைக் கேட்கக் குரு உட்காரும் கூண்டில்) இருந்தார். கடைசி வருடங்களில் வருடத்துக்கு லட்சம் பேர் வரை அந்தச் சிற்றூருக்கு வந்தார்கள். 1859இல் இறந்தார், 1925இல் புனிதர் பட்டம், 1929இல் பங்குத்தந்தையரின் பாதுகாவலர் என்ற அறிவிப்பு. இவ்வளவுக்குப் பிறகும் 'நீ லாயக்கில்லை' என்ற குரல் அவருக்குள் ஓய்ந்ததாகத் தெரியவில்லை. அது ஓயட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. காலையில் போய்த் தொட்டியில் உட்கார்ந்தார், எதிரில் ஒரு ஆள் முழந்தாளிட்டு இருந்தார், அவரைக் கவனித்தார்.

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்வி எனக்குக் கவலை தருகிறது. இவர்கள் நினைப்பது தப்பு என்று காட்டுவதற்காக வகுப்பு எடுக்கப் போகாதீர்கள். போனால் ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அந்தப் பேரவை உறுப்பினருக்குத்தான் பாடம் நடத்துவீர்கள். எதிரே இருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் உங்கள் வழக்குக்குச் சாட்சிகளாகிவிடுவார்கள். மறைமாவட்ட மறைக்கல்வித் தேர்வில் ஒருவன் தோற்றால் அவன் மேல் உங்களுக்குக் கோபம் வரும், உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டான் என்று. அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உண்மையான கேள்விகள் இருக்கின்றன. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத பிள்ளை, கடவுள் ஏன் அப்படி விட்டார் என்று கேட்கும். ஒக்கிப் புயல் 2017இல்தான் வந்தது, உங்கள் கரைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விவிலியமும் இறையியலும் முறையாகப் படித்த ஒருவர் அந்தப் பிள்ளையின் எதிரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! பல பங்குகளில் மறைக்கல்விக்கு ஆள் கிடைக்காமல் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கு இது இரவல் வேலையும் இல்லை. மறைக்கல்விக்குப் பொதுநிலையினர் உதவியைப் பங்குத்தந்தை பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் 776 சொல்கிறது, மறைக்கல்வியாளர் என்பதையே முறையான திருப்பணியாக 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். உங்கள் மாவட்டத்துக்காரரான தேவசகாயம் குருவானவரா என்ன? திருமணமானவர், அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று ஏழு வருடம்கூட முடியாமல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது உங்கள் பங்கிலும் மணி அடித்திருப்பார்கள். அந்தப் பேரவை உறுப்பினரும் கைதட்டியிருப்பார்.

பக்கத்துப் பங்குக்குப் போவது பற்றி: அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்கு ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "இவர் தச்சர் அல்லவா! மரியாவின் மகன்தானே!" என்று சொந்த ஊர் சொன்னபோது இயேசுவாலேயே அங்கே வல்ல செயல் எதையும் செய்ய முடியவில்லை என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். ஊர்க்காரர்களின் எண்ணத்துக்கு அவ்வளவு பலம் உண்டு, மனசைத் திடப்படுத்திக்கொண்டால் போதும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தயாரில்லை. ஆனால் அங்கேயும் சில நோயாளிகள் மேல் கைவைத்துக் குணமாக்கினார், அதற்குப் பிறகுதான் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போனார். நீங்களும் இந்தக் கல்வியாண்டு முழுக்க எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மூச்சு முட்டினால் போங்கள், யாரிடமும் விளக்கம் சொல்லாமல் போங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். முதல் வகுப்பிலேயே ஒரு பிள்ளை கேட்கும், "சார், நீங்க ஏன் சாமியார் ஆகல?" என்று. வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கும். மழுப்பாதீர்கள். "படிச்சேன், ஜெபிச்சேன், இது என் வழியில்லைன்னு தெரிஞ்சுது, பெரியவங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போங்கள். அந்த வகுப்பில் நாளைக்குக் குருமடம் போக நினைக்கிற ஒரு பையனோ மடம் போக நினைக்கிற ஒரு பெண்ணோ இருக்கலாம், திரும்பி வரவும் வழி இருக்கிறது என்று தெரிந்து போகிற பிள்ளைதான் பயமில்லாமல் போகும்.

அந்தப் பேரவை உறுப்பினரைத் தேடிப் போய்ப் பேச வேண்டாம், பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவர் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்துங்கள், கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்.

அம்மாவைப் பற்றி எழுதிய வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது. ஊர் உங்களைப் பேசியதை விட அதிகமாக அவரைப் பேசியிருக்கும், சாமியார் அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்கள் சட்டென்று நிறுத்தியிருக்கும். இந்த ஞாயிறு நீங்கள் தனியாகப் பூசைக்குப் போகாதீர்கள், அவரையும் கூட்டிப் போய் முன்வரிசையில் பழைய இடத்திலேயே பக்கத்தில் உட்காருங்கள். அவர் தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், நீங்களும் அங்கேயே உட்காருங்கள். பூசை முடிந்து வகுப்புக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்துப் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். பதில் தெரியாத கேள்விகளை முக்கியமாக எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அண்ணன்