ஜாஸ் வாத்தியார் இல்லாத மலையில் சாக்ஸபோன் பழகுவது எப்படி?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 14 வயது. பாடசாலை பேண்டில் இரண்டு வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறான். இப்போது போனில் ஜாஸ் கேட்டுவிட்டு, இனி இதைத்தான் வாசிப்பேன் என்கிறான். “இங்கே சொல்லித் தர ஆளில்லை. வாராவாரம் கொழும்புக்கு அனுப்ப வசதியும் இல்லை. லயத்து வீட்டில் வாசித்தால் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். என்ன செய்யலாம்?”

அம்மா, வாராவாரம் கொழும்பு தேவையில்லை. பேண்டில் இரண்டு வருடம் இருந்த பிள்ளைக்கு விரல் ஓரளவு ஓடும். இனி பழக வேண்டியது காது. அதற்கான வாத்தியார்கள் அவன் போனுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஆல்டோவில் ஜாஸின் போக்கையே மாற்றியவர் சார்லி பார்க்கர். 1920இல் பிறந்தவர். பையனாக இருந்தபோது கன்சாஸ் நகரத்தில் பெரியவர்களோடு வாசிக்கப் போய், ஈடுகொடுக்க முடியாமல் அவமானப்பட்டுத் திரும்பினார். 1937 கோடையில் ஊருக்கு வெளியே மலைப்பக்கம் ஒரு வேலை கிடைத்தது. சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை அங்கே கொண்டுபோய், அவர் வாசித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு மனப்பாடம் செய்தார். திரும்பி வந்தவர் வேறு ஆள்.

உங்கள் மகனும் லெஸ்டர் யங்கிலிருந்தே தொடங்கட்டும். பார்க்கரின் வேகம் ஆரம்பத்தில் மலைக்க வைக்கும். யங் வாசிப்பதை வாயால் பாடலாம். ஒரே ஒரு சோலோவை (தனி வாசிப்பை) எடுத்துக்கொள்ளட்டும். போனில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது. நாலு பார் (தாள வட்டம்) மட்டும் கேட்டு, கருவியைத் தொடாமல் முதலில் பாட வேண்டும். மூச்சு எங்கே விடுகிறார், எந்த ஸ்வரத்தை விழுங்குகிறார் என்பதுவரை பாட வரும்போதுதான் சாக்ஸபோனை எடுக்க வேண்டும். நோட்டேஷன் பார்க்கக் கூடாது. குரு பாடப் பாட சிஷ்யன் திருப்பிப் பாடுவது நம் வழக்கம்தானே, இதுவும் அதேதான். நானே பல வருடம் ஸ்கேல் புத்தகங்களோடு கிடந்து, இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அந்த நாலு பார் கைக்கு வந்ததும் அதையே வேறு ஸ்வரத்தில் தொடங்கி வாசிக்கட்டும். மனோதர்மம் அங்கேதான் முளைக்கும். அப்புறம் ப்ளூஸ், அதாவது 12 பாரில் சுற்றிச் சுற்றி வரும் ஜாஸின் அடிப்படை வடிவம். கீபோர்டு வாசிக்கும் கூட்டாளி எஃப் என்றால் இவன் டி-யில் வாசிக்க வேண்டும். ஆல்டோவில் டி என்று வாசிப்பதுதான் கீபோர்டின் எஃப் ஆக ஒலிக்கும்.

திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ராக ஆலாபனை செய்யும்போது பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லுங்கள். கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு மயங்கியது சாக்ஸபோனைத்தான். அதில் கமகங்களையெல்லாம் கொண்டுவந்தவர் அவர். உங்கள் மகன் வாசிக்கும் அதே ஆல்டோ.

நாதம் நன்றாக இல்லாவிட்டால் இத்தனையும் வீண். தினமும் முதல் பத்து நிமிடம் நீண்ட ஸ்வரங்கள்: மெதுவாகத் தொடங்கி, பெருக்கி, அதே மூச்சில் மறுபடி குறைக்க வேண்டும். நம் குளிரில் கருவி ஆரம்பத்தில் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். உடனே மவுத்பீஸை உள்ளே தள்ளாமல், சற்று நேரம் ஊதிச் சூடாக்கிய பிறகு டியூனர் பார்க்கட்டும். ரீட் (நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி) 2 அல்லது 2½ எண் போதும். தடித்த ரீட்தான் பெரிய வாசிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உதடுதான் கெடும். மூடுபனிக் காலத்தில் ரீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நாலு ரீட்டை மாற்றி மாற்றி வாசித்து, துடைத்துக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். கருவியின் உட்புறத்தையும் துணியால் துடைக்காமல் பெட்டிக்குள் பூட்டக் கூடாது. ஜி-ஷார்ப் கீ ஒட்டிக்கொண்டால் பேடுக்கு (துளையை மூடும் மெத்தைக்கு) கீழே மெல்லிய தாளை வைத்து மெதுவாக அழுத்தினால் ஈரம் போய்விடும்.

சத்தப் பிரச்சினை உங்கள் வீட்டில் மட்டுமில்லை. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் பெயர் பெற்ற பிறகும் வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று, 1959 முதல் 1961 வரை நியூயார்க்கின் ஒரு பாலத்தின்மேல் நின்று பழகினார். பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) சாயங்காலம் காலியாகத்தானே இருக்கும்? தோட்ட நிர்வாகத்திடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். பாடசாலை மண்டபமும் நல்லது. தேயிலைக்குள் போய் வாசிப்பதானால் மழையில்லாத நாளில் மட்டும்.

சரி, வாத்தியாரே வேண்டாமா? வேண்டும். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்குப் போனாலும் போதும், வீடியோவில் என்றாலும் சரி. உதடு, தோள், விரல் மூன்றையும் திருத்தித் தரும்படி கேளுங்கள். ஜாஸ் தெரியாத ஒரு கிளாரினெட் ஆசிரியர்கூட இதில் பெரும்பகுதியைச் செய்துவிடுவார். கிரேட் பரீட்சை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து, சாக்ஸபோனை எடுக்காமல் அந்தச் சோலோவை உங்களுக்குப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. போனில் வருவதும் அவன் பாடுவதும் ஒன்றுபோல் கேட்டால் அடுத்த சோலோவுக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் அதிலேயே இருக்கட்டும்.