எக்ஸெல் மேக்ரோவை எப்ப அனுமதிக்கலாம்? கேள்வி பதில்

திருப்பூர், பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ்: அண்ணா, ஜாப் ஒர்க் யூனிட்ல இருந்து மெயில்ல வர்ற பீஸ் ரேட் ஷீட்டைத் திறந்தா மேல செவப்புப் பட்டை வருதுங்க. முன்னெல்லாம் மஞ்சப் பட்டைல 'எனேபிள் கன்டென்ட்' அமுக்குனாப் போதும். இப்ப அந்த பட்டனையே காணோம். சனிக்கிழமை சம்பளம் போடணுங்க.

பதில்: இணையம் வழியா வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு குறி போட்டு வைக்குதுங்க. அந்தக் குறி இருந்தா மேக்ரோவை, அதாவது ஷீட்டுக்குள்ள எழுதி வச்சிருக்கிற புரோகிராமை, தடுத்து வைக்கிறதை 2022ல மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அவசரத்துல யாரும் அமுக்கிறக் கூடாதுன்னுதான் பட்டன் இல்லை.

முதல்ல அனுப்புனவருக்கு போன் போட்டு, "இன்னிக்கு ஷீட் அனுப்புனீங்களா, மேக்ரோ வச்சிருக்கீங்களா"ன்னு கேளுங்க. மெயில்ல கேக்காதீங்க. அவரோட மெயிலே திருடு போயிருந்தா, திருடன்தான் "ஆமாங்க"ன்னு பதில் போடுவான். அவர் ஆமான்னா, ஃபைலை மூடிட்டு, ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் பக்கத்துக்கு அடியில 'அன்பிளாக்' டிக் பண்ணி ஓகே குடுங்க. அந்த ஒரு ஃபைலுக்கு மட்டுந்தான் இது.

இன்னொண்ணு. பீஸை ரேட்டால பெருக்க ஃபார்முலாவே போதும், மேக்ரோ எதுக்குங்க? எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலா அனுப்பச் சொல்லிப் பாருங்க. அந்த வகைல மேக்ரோ தங்கவே தங்காது.

ஈரோடு, மஞ்சள் மண்டி: சர்வீஸ் பண்ண வந்த தம்பி எல்லா மேக்ரோவும் ஓடுற மாதிரி வச்சுட்டுப் போயிட்டாருங்க. அப்படியே இருக்கட்டுங்களா?

பதில்: வேண்டாங்க, இன்னிக்கே மாத்துங்க. பென் டிரைவ்ல வர்ற ஃபைல்ல நான் சொன்ன இணையக் குறி பெரும்பாலும் இருக்காது. உங்க அமைப்புல அது ஒரு வார்த்தை கேக்காம ஓடிரும். மேக்ரோங்கறது முழு புரோகிராம். நீங்க அந்தக் கம்ப்யூட்டர்ல எதையெல்லாம் படிக்கவும் அழிக்கவும் முடியுமோ, அதாலயும் முடியும். உங்க டேலி கணக்கும் அதே கம்ப்யூட்டர்லதான இருக்கு?

ஃபைல், ஆப்ஷன்ஸ், ட்ரஸ்ட் சென்டர், மேக்ரோ செட்டிங்ஸ் போங்க. தடுத்துட்டு, தடுத்ததைச் சொல்ற இரண்டாவது தேர்வை வைங்க. நீங்களே எழுதுன ஷீட்டுகளுக்குத் தனி ஃபோல்டர் போட்டு அதை 'ட்ரஸ்டட் லொகேஷன்', அதாவது மேக்ரோ கேக்காமயே ஓடற நம்பகமான இடம், ஆக்கிக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அப்படி ஆக்காதீங்க.

நாமக்கல், லாரி புக்கிங் ஆபீஸ்: ஓட விடாம உள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியுங்களா?

பதில்: முடியுங்க. அனுமதி குடுக்காம திறந்து ஆல்ட்டும் எஃப்11ம் அமுக்குங்க, மேக்ரோ எழுதுற ஜன்னல் திறக்கும். இடது பக்கம் 'திஸ் ஒர்க்புக்'கை டபுள் கிளிக் பண்ணுங்க. அங்க 'ஒர்க்புக்_ஓப்பன்'னு இருந்தா, அனுமதி குடுத்து ஃபைல் திறந்ததுமே தானா ஓடற மேக்ரோ அது. மத்த மாட்யூல்களையும், அதாவது மேக்ரோ எழுதி வச்சிருக்கிற மத்த பக்கங்களையும், பாருங்க. வாடகைக் கணக்கு ஷீட்டுல வேற புரோகிராமை ஓட்டற 'ஷெல்', 'பவர்ஷெல்', ஏதோ வெப்சைட் முகவரி இதுக்கெல்லாம் என்ன வேலை? அர்த்தமில்லாத எழுத்துகளைத் துண்டு துண்டா ஒட்டி வச்சிருந்தா, எதையோ மறைக்கிறாங்க. பாஸ்வேர்டு கேட்டு உள்ளயே விடலைன்னா, இப்படி உள்ள பாத்து முடிவு பண்ண முடியாது, அனுப்புனவரை நம்பலாமான்னுதான் யோசிக்கணும். தெரியாதவர்னா ஓட விடாதீங்க.

பொள்ளாச்சி, தேங்காய் வியாபாரம்: மொபைல் எக்ஸெல்ல மேக்ரோ ஓடுங்களா?

பதில்: ஓடாதுங்க. கூகுள் ஷீட்ஸ்லயும் எக்ஸெல் மேக்ரோ ஓடாது. எண்ணைப் பாத்தாப் போதும்னா அதுலயே பாத்துக்கலாம்.

கரூர், ஏற்றுமதி நிறுவனம்: நானே ரெக்கார்டு பண்ணுன மேக்ரோ ஆர்டர் வரிசைல பாதியை அழிச்சிருச்சுங்க அண்ணா. கன்ட்ரோல் இசட்டும் வேலை செய்யலை.

பதில்: மேக்ரோ ஷீட்டை மாத்துனா பழைய அன்டூ பட்டியலே போயிரும். ஆட்டோசேவ் இல்லைன்னா சேவ் பண்ணாம மூடுங்க, கடைசியா சேவ் பண்ணது அப்படியே இருக்கும். ஒன்டிரைவ்ல இருந்தா வெர்ஷன் ஹிஸ்டரில பழையதை எடுக்கலாம். அழிஞ்சதுக்குக் காரணம், ரெக்கார்டர் நீங்க தொட்ட செல்லோட முகவரியை அப்படியே எழுதி வச்சிருக்கும். அன்னிக்கு 40ஆவது வரி காலி, இன்னிக்கு அங்க ஆர்டர் இருக்கு. முகவரிக்குப் பதிலா, நிக்கிற செல்லுல இருந்து எத்தனை தள்ளின்னு எழுதுற 'யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்ஸஸ்' போட்டுட்டு மறுபடி ரெக்கார்டு பண்ணி, ஷீட்டோட நகல்ல முதல்ல ஓட்டிப் பாருங்க.