மூழ்கிய கப்பலும் கடல் சார்ட்டும்: கோத்தகிரியிலிருந்து பதில்கள்

சரக்குக் கப்பலில் சார்ட்டை, அதாவது கப்பலோட்டப் பயன்படும் கடல் வரைபடத்தை, திருத்துவது செகண்ட் ஆபீசரின் பொறுப்பு. அந்த வேலையில் இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். நீலகிரி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

குன்னூர் மாணவி: சார், மூழ்கிய கப்பலை எப்படிக் காட்டுவார்கள்?

படுக்கைக்கோடு ஒன்று, அதை வெட்டும் மூன்று சிறு கோடுகள், நடுக்கோடு சற்று நீளம். சுற்றிலும் புள்ளிவட்டம் இருந்தால் மேலே போகும் கப்பலுக்கு ஆபத்து. வட்டம் இல்லையென்றால் ஆபத்தில்லை. ஆழம் அளந்துவிட்டால் கோடுகளுக்குப் பதில் வட்டத்துக்குள் எண் வரும். 7-க்குப் பக்கத்தில் கீழிறங்கிச் சின்ன 3 இருந்தால் 7.3 மீட்டர், 73 என்று படித்துவிடாதே அம்மா. எண்ணுக்கு அடியில் 'ப' எழுத்தைப் போல ஒரு கோடு இருந்தால், கம்பி இழுத்தோ முக்குளிப்பவரை இறக்கியோ அந்த ஆழத்தை உறுதி செய்திருக்கிறார்கள். எண்ணே இல்லையா? சரியாக அளக்கவில்லை என்று அர்த்தம். விலகிப் போ.

ஊட்டி: எங்கிருந்து அளந்த ஆழம்?

கடல் மிகத் தாழ வற்றும் மட்டத்திலிருந்து.

வெலிங்டன்: நேற்று மூழ்கிய கப்பல் இன்றைய சார்ட்டில் இருக்குமா?

இருக்காது. முதலில் ரேடியோ எச்சரிக்கை, பிறகுதான் திருத்தம். 2002 டிசம்பர் 14-ல் ஆங்கிலக் கால்வாயில் டிரைகலர் என்ற கார் ஏற்றிய கப்பல் மூழ்கியது. 16-ஆம் தேதி நிக்கோலா என்ற கப்பல் அதன்மேல் மோதியது. 2003 ஜனவரி 1-ல் விக்கி என்ற கப்பலும் மோதியது. எச்சரிக்கையும் காவல் கப்பல்களும் இருந்தும் இது நடந்தது. நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட அவசர மிதவை அதன் பிறகுதான் வந்தது.

கூடலூர்: 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எல்சா 3 கப்பல் கிடப்பது சுமார் 50 மீட்டரில். அப்படியானால் ஆபத்தில்லைதானே?

50 என்பது கடலடியின் ஆழம். கிடக்கும் கப்பலின் உச்சி எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதே கேள்வி. அந்த எண் இல்லாமல் பேசக் கூடாது.

அருவங்காடு, சொந்த ஊர் தூத்துக்குடி: அண்ணாச்சி, ஆபத்தில்லை என்று குறி போட்ட இடத்தில் எங்கள் மாமாவின் மடி, அதான் இழுவை வலை, கிழிந்தது. யாருக்கு ஆபத்தில்லை?

நீங்கள் கேட்டதுதான் கேள்வி. அந்தக் குறி பேசுவது மேலே மிதந்து போகும் கப்பலிடம் மட்டும். இழுவை மடி தரையோடு போகிறது. அதற்கு எந்த ஆழத்தில் கிடந்தாலும் ஆபத்துதான்.

குன்னூர், முன்னாள் கேப்டன்: மறுக்கிறேன். சார்ட் கப்பலோட்டத்துக்காக அச்சிடுவது. வலைக்கும் சேர்த்துக் குறி போட்டால் தாள் முழுக்கக் குறிதான் இருக்கும்.

கேப்டன், நங்கூரம் மாட்டும் தரைக்குத் தனிக் குறி இருக்கிறதே! சிறு வேலி போன்ற கோடுகள்: மேலே போகலாம், நங்கூரம் போடாதே. தரையில் இருப்பதை யோசித்துப் போட்ட குறிதானே அது?

கேப்டன்: அதுவும் கப்பலின் நங்கூரத்துக்காக.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசைப்படகும் கப்பலோட்டம்தான். கோபுரத்தையும் குன்றையும் நேர்வைத்து, கடலடிப் பாறையான 'பார்' இருக்கும் இடம் கண்டவர்களின் பிள்ளைகள் இன்று திரையில் சார்ட் பார்க்கிறார்கள். வட்டமில்லாத குறி அவர்களுக்கு என்ன சொல்லவில்லை என்பதைத் துறைமுகத்திலேயே கற்றுத்தர வேண்டும்.

கோத்தகிரி: கூகுள் மேப்பில் தெரியுமா?

இதே கேள்வி இன்று பலமுறை வந்துவிட்டது. அது கடல் சார்ட் அல்ல. அதைப் பார்த்துப் படகு எடுக்காதீர்கள்.

ஊட்டி: புதையல் கப்பல்?

என் துறை அல்ல. தொல்லியல் துறையைக் கேளுங்கள்.

மஞ்சூர்: மொபைலில் கடல் மேப்...

கூகுள் மேப் பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். இந்தியக் கடலுக்கான சார்ட்டை வெளியிடுவது டேராடூனிலுள்ள கடலளவை அலுவலகம்; அவர்களுடைய விற்பனை முகவர்களிடம் வாங்கலாம்.