பிட்சராகப் போகிறேன் என்கிறான் மகன்

டெக்சாஸிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு வணக்கம். உங்கள் மகன் 16 வயதில் பிட்சராக, அதாவது பேஸ்பால் பந்து வீச்சாளராக, நன்றாகப் பந்து வீசுகிறான், பள்ளி முடிந்ததும் நேரே தொழில்முறை பேஸ்பாலுக்குப் போகிறேன் என்கிறான், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சரி, ஆசையைத் தடுக்க வேண்டாம். முதலில் அவன் முழங்கையைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கும், யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வகுத்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டலின்படி, 15, 16 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 76 வீசிவிட்டாலே நான்கு நாள் ஓய்வு வேண்டும். வருடத்தில் நான்கு மாதம் போட்டிகளில் பிட்சிங்கே கூடாது. பள்ளி அணியிலும் கிளப் அணியிலும் மாறி மாறி வீசுகிற பையனுக்கு மொத்தக் கணக்கை எந்தக் கோச் வைத்திருப்பார்? அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். முழங்கை ஜவ்வு கிழிந்து 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை வரை போனால், திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலாகும்.

பிட்சர் குமார் ராக்கரைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளி. 2018இல் பள்ளி முடித்தபோது, மேஜர் லீக் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ராக்கீஸ் அணி 38வது சுற்றில்தான் எடுத்தது. அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார். 2021இல் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை! மறுவருடம் ரேஞ்சர்ஸ் அணி எடுத்தது. 2023இல் முழங்கை அறுவை சிகிச்சை. மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் 2024 செப்டம்பரில். அவ்வளவு பெரிய திறமைக்கே பாதை இப்படி வளைந்தது.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மேஜர் லீக்கில் 2025இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். ஆனால் அதற்குக் கீழே, மைனர் லீக்கின் சிங்கிள்-ஏ மட்டத்தில், 2023 ஒப்பந்தப்படி, 26,200 டாலர்தான். அங்கிருந்து மேலே வராமலே பலர் நின்றுவிடுகிறார்கள்.

அதனால் முதல் சில சுற்றுகளில் பெரிய போனஸோடு அழைப்பு வந்தாலொழிய, கல்லூரிதான் என் பரிந்துரை. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் வருடம் முடியும்வரை, அல்லது 21 வயதுவரை, டிராஃப்டுக்குப் போக முடியாது. இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிக்கு அந்தத் தடை இல்லை. பள்ளியிலிருந்தே கையெழுத்துப் போடுவதானால், பிற்காலக் கல்லூரிச் செலவை அணி ஏற்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம், முதல் பிரிவுக் (டிவிஷன் 1) கல்லூரியில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 4க்கு 2.3 சராசரியும் வேண்டும். இந்த வாரமே பள்ளி ஆலோசகரிடம் அவன் மதிப்பெண் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.