கையில் 11.2, மெஷினில் 11.46: பையன் ஓடிய நேரம் எது?

கேள்வியின் சுருக்கம் இது: நாகர்கோவிலில் நடந்த போட்டியில் 100 மீட்டரை 11.2 வினாடியில் ஓடிய மகன், மாநிலப் போட்டியில் எலக்ட்ரானிக் டைமிங்கில் 11.46 எடுத்திருக்கிறான். வேகம் குறைந்துவிட்டதா, யார் கணக்கு தப்பு, ஒலிம்பிக்கில் இதையெல்லாம் எப்படிச் சரிசெய்தார்கள்?

வேகம் குறையவில்லை. 11.2 உடன் 0.24 கூட்டுங்கள், 11.44 வரும். இரண்டு இடத்திலும் பையன் ஏறக்குறைய ஒரே ஓட்டம்தான் ஓடியிருக்கிறான். 100, 200 மீட்டரில் கை நேரத்தை எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிடத் தடகளத்தில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு இந்த 0.24. 400 மீட்டருக்கு 0.14.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நம்ம பக்கத்துப் பள்ளிப் போட்டிகளில் டைம்கீப்பராக நிற்பவன் நான், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் துப்பாக்கி வெடிக்கும்போது நாங்கள் சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. 100 மீட்டர் தாண்டிச் சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும். புகையைப் பார்த்துத்தான் பட்டனை அமுக்க வேண்டும். துப்பாக்கி இல்லாமல் மரக் கிளாப்பர் அடித்தால், இரண்டு பலகையும் சேர்வதைப் பார்த்து. ஆனாலும் கண் பார்த்து விரல் அமுங்குவதற்குள் சுமார் 0.2 வினாடி போய்விடும். முடிவுக் கோட்டில் அந்தத் தாமதம் கிடையாது. பையன் ஓடி வருவது தெரிகிறது, விரல் முன்கூட்டியே தயாராகி, அவன் கோட்டைத் தொடும்போது சரியாக அமுங்கிவிடுகிறது. தொடக்கத்தில் தாமதம், முடிவில் இல்லை. அதனால் கை நேரம் எப்போதும் பையனுக்குச் சாதகம். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று “சார், பய 11.2 ஓடுனாம்லா” என்று சந்தோஷப்படும் அப்பாவிடம் அந்த நேரத்தில் இதை விளக்க எனக்கு மனசு வராது.

ஒலிம்பிக் கதையும் இதே சிக்கல்தான், கொஞ்சம் பெரிய அளவில். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒமேகா நிறுவனம் 30 ஸ்டாப்வாட்ச்களைக் கொண்டுவந்தது. வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் அருமையான கடிகாரங்கள். 100 மீட்டர் பைனலில் எடி டோலன், ரால்ஃப் மெட்கால்ஃப் இருவருக்கும் 10.3 என்று வந்தது, பிலிமைப் பார்த்துத்தான் டோலனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். கடிகாரம் அப்போதே நல்ல நிலையில்தான் இருந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் நின்ற மனிதர்களை ஒவ்வொருவராக விலக்கியதுதான் அதற்குப் பிறகு நடந்த முன்னேற்றம் என்பேன்.

1948 லண்டனில் போட்டோ பினிஷ் கேமரா வந்தது. 100 மீட்டரில் பார்னி யூவெல் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் துள்ளிக் குதித்தார், படம் ஹாரிசன் டில்லார்டைக் காட்டியது. இந்தக் கேமரா சாதாரணக் கேமரா மாதிரி மைதானத்தைப் படம் பிடிப்பதில்லை. முடிவுக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய இடுக்கு வழியாக விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். தாழை ஓலையை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாய் முடைவதுபோல, அந்த ஒரே இடத்தின் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் படமாக்கும். படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் அல்ல, நேரம். அதனால்தான் கோட்டின் மேல் பதிந்து நின்ற பாதம் மட்டும் முழ நீளத்துக்கு இழுபட்டுத் தெரியும். கணக்கு நெஞ்சுக்கு மட்டும். தலை, கை, கால் சேராது. 2024 பாரிஸ் 100 மீட்டர் படத்தில் கிஷேன் தாம்சனின் ஷூ முன்னால் இருக்கும், தங்கம் நோவா லைல்ஸுக்கு. 9.784, 9.789. அங்கே இருந்த கேமரா வினாடிக்கு 40,000 கீற்று எடுக்கும்.

நீச்சலில் கதை இன்னும் மோசம். 1960 ரோமில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அமெரிக்கர் லான்ஸ் லார்சனின் லேனில் மூன்று டைம்கீப்பர்கள் எடுத்தது 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலியர் ஜான் டெவிட்டுக்கு மூன்று கடிகாரமும் 55.2. தங்கம் டெவிட்டுக்கு! இடத்தைத் தீர்மானித்த நடுவர்கள் தங்களுக்குள்ளேயே பிளவுபட, தலைமை நடுவர் டெவிட் பக்கம் சாய்ந்தார். பிறகு லார்சனின் நேரத்தையும் 55.2 ஆக்கி எழுதினார்கள். சுவரில் டச் பேட் வைக்கும் யோசனை வலுத்ததற்கு இதுவே பெரிய காரணம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது புழக்கத்துக்கு வந்தது. தண்ணீர் அலை மோதினால் பதிவாகாது, நீச்சல்காரர் கை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும்.

அப்புறம் ரொம்பத் துல்லியமானதும் வேறு தொல்லை. 1972 மியூனிக்கில், நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லேயில், ஸ்வீடனின் குன்னர் லார்சன் (இவர் வேறு லார்சன்) டிம் மெக்கியை வென்றது 0.002 வினாடியில். அந்த வேகத்தில் அது சுமார் 3 மில்லிமீட்டர். நீச்சல் குள லேன் 50 மீட்டருக்கு மேல் 3 சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கலாம் என்று விதியே விட்டுக்கொடுக்கிறது. அப்படியானால் அளந்தது நீச்சல்காரரையா, கொத்தனாரையா? அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கைவிட்டு, நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 ரியோவில் ஒரே பந்தயத்தில் பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் 51.14-இல் வெள்ளியைப் பகிர்ந்தது அதனால்தான்.

பி.டி.உஷாவைச் சொல்லாமல் விட முடியாது. 1984, 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணுக்கு 55.41. நாலு விரல் அகலம்கூடச் சரியாக வராது. நம்மூர்ப் போட்டியாக இருந்தால் இருவருக்கும் ஒரே நேரம் எழுதியிருப்போம், மூன்றாவது யார் என்று சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

தொடக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. இப்போது ஓட்டக்காரர் காலை ஊன்றிக் கிளம்பும் ஒவ்வொரு ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் உண்டு. இல்லையென்றால் துப்பாக்கிக்குப் பக்கத்து லேன்காரருக்கு முதலில் கேட்கும். சத்தத்துக்குப் பின் 0.1 வினாடிக்குள் பிளாக்கை அழுத்தினால் பிளாக்கே காட்டிக்கொடுத்துவிடும், ஃபால்ஸ் ஸ்டார்ட்.

இனி உங்கள் பையன் விஷயம். நுழைவுப் படிவத்தில் 11.46-ஐ எழுதுங்கள். கை நேரத்தை எழுதும்படி வந்தால் 11.2 என்று ஒரே தசமத்தில் எழுதுங்கள், 11.20 என்றால் எலக்ட்ரானிக் என்று எடுத்துக்கொள்வார்கள். ஸ்டாப்வாட்ச் திரையில் 11.14 என்று தெரிந்ததையே அப்படியே எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது செல்லாது. கை நேரம் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மேல்நோக்கித்தான் போக வேண்டும். கூடவே காற்றின் அளவையும் கேட்டு வாங்குங்கள். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைக்கு எடுக்க மாட்டார்கள். ஆடிக் காற்றில், காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் ஓடி 10.9 எடுத்தேன் என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் பார்த்து ஓடினாய் என்று முதலில் கேளுங்கள்.