பாட்டியின் பெட்டியில் இருந்த மோட்டார் விளம்பரத்தின் காலம்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் விரித்திருந்த, தேதி கிழிந்துபோன நாளிதழ்த் துண்டு எந்தக் காலத்தது என்று கேட்டிருந்தீர்கள். மோட்டார் பம்பு விளம்பரத்தின் அடியில் ‘விலைப்பட்டியலுக்கு 15 நயா பைசா தபால்தலை அனுப்பவும்’ என்று இருப்பதே நல்ல சான்று. நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்ற தசம நாணயம் 1957 ஏப்ரலில் வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ என்ற அடைமொழி கைவிடப்பட்டது. ஆகவே பெரும்பாலும் அந்த ஏழாண்டுக்குள் அச்சானதாகவே இருக்க வேண்டும். முகவரியில் பின்கோடு இல்லாததும் (அது 1972-இல்தான் வந்தது) இதனோடு ஒத்துப்போகிறது.

என்னை அதிகம் நெகிழ வைத்தது ‘இனி எருதுகளுக்கு ஓய்வு’ என்ற வரிதான். 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியான பிறகும் நம் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில், எருது பூட்டிச் சால் என்ற பெரிய கலனால் கிணற்று நீரை இறைக்கும் ‘கவலை’ இறைப்பே நெடுங்காலம் நடந்தது. விடியுமுன்னே எருதுகளைச் சரிவில் முன்னும் பின்னுமாக நடத்திச் சாலில் நீர் இறைத்த குடும்பத்தாருக்கு அந்த ஒரு வரியின் அருமை சட்டென்று புரிந்திருக்கும். ஆனாலும் விளம்பரம் விற்பவருடைய விருப்பத்தைச் சொல்வது. உங்கள் தோட்டத்துக்கு மோட்டார் எப்போது வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

துண்டின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அதில் திரைப்பட விளம்பரம் இருந்தால் ஆண்டை இன்னும் நெருக்கமாகக் கணித்துவிடலாம்.