கேசான் ஓடும் கர்னலிலும் செட்_பிட் செய்யும் தவறு ஏன் சிக்கவில்லை?

கேட்டவரின் நிலைமை இது: 64 பிட் எக்ஸ்86 இயந்திரம், லினக்ஸ் 4.19 கர்னல், கேசான் (தவறான இடத்தில் மெமரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கர்னல் கருவி) இயக்கத்தில் இருக்கிறது. டிரைவரில் செட்_பிட் (ஒரு பிட்டை 1 ஆக்கும் கர்னல் செயல்) ஒரு பிட்மேப்புக்கு, அதாவது பிட் வரிசைக்கு, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுகிறது என்று கோடைப் படித்தே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கேசான் வாயே திறக்கவில்லை. ஏன்?

இதே இடத்தில் நான் மூன்று வாரம் சிக்கியிருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கேசான் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஆந்த்ரே ரியாபினின் எழுதி, 2015-இல் 4.0 கர்னலில் சேர்ந்தது இது. மெமரியின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்திருக்கும். நிழலில் 0 இருந்தால் எட்டும் தொடலாம். 1 முதல் 7 வரை இருந்தால் முதலில் உள்ள அத்தனை பைட் மட்டும் தொடலாம். எதிர்மறை எண் இருந்தால் தொடவே கூடாது. சரி, இந்த நிழலை யார் பார்ப்பது? கம்பைலர்தான். சி மொழியில் மெமரியைப் படிக்கும், எழுதும் ஒவ்வொரு இடத்திலும் "நிழலைப் பார்" என்று ஒரு சோதனையை அது செருகிவிடுகிறது.

செட்_பிட் அங்கேதான் நழுவுகிறது. எக்ஸ்86-இல் அது சி அல்ல, இன்லைன் அசெம்பிளி, அதாவது சி கோடுக்குள் நேரடியாக எழுதிய இயந்திரக் கட்டளை. பொதுவாக உள்ளே இருப்பது லாக் முன்னொட்டுடன் ஒரே ஒரு பிடிஎஸ் (பிட்டை 1 ஆக்கும்) கட்டளை. அசெம்பிளித் துண்டைக் கம்பைலர் பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே எடுத்து ஒட்டுகிறது. அதோடு, பிட் எண் ரிஜிஸ்டரில் இருந்தால் பிடிஎஸ் எந்த முகவரியைத் தொடும் என்பது ஓடும்போதுதான் முடிவாகும். அடிப்படை முகவரி ஒன்றாக இருக்கும், எழுதுவது எங்கோ தள்ளி இருக்கும். ஆக கேசானில் பிழை எதுவும் இல்லை. சோதனையே செருகப்படாத இடத்தில் அது எதைச் சொல்லும்?

என் கதையைச் சொன்னால் இது எவ்வளவு மோசம் என்று புரியும். ஒரு டிரைவரில் 260 ஸ்லாட்களுக்குப் பிட்மேப் தேவைப்பட்டது. ஒதுக்கியவர் 260-ஐ 8-ஆல் வகுத்திருந்தார். முழு எண் வகுத்தலில் அது 32 பைட். பிட்மேப்பை லாங் (இங்கே 8 பைட் கொண்ட எண் வகை) கணக்கில்தான் ஒதுக்க வேண்டும்; உண்மையில் வேண்டியது ஐந்து லாங், அதாவது 40 பைட். 32 பைட் கேட்டால் கர்னல் சரியாக 32 பைட் துண்டைத்தான் கொடுக்கும், அதை ஒட்டியே அடுத்தவருடைய துண்டு. எனவே 256 முதல் 259 வரையிலான பிட்கள் பக்கத்து ஆப்ஜெக்டின் முதல் பைட்டில் போய் விழுந்தன. அங்கே ஒரு பாயிண்டர் இருந்தால் அது 1, 2, 4 அல்லது 8 கூடிவிடும். க்ராஷ் நம் டிரைவரில் வராது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பட்டியலை நடக்கும்போது வரும். ஸ்லாட்கள் கிட்டத்தட்ட நிரம்பினால்தான் வரும் என்பதால் ஆய்வகத்தில் வரவே வரவில்லை.

கேசானை ஆன் செய்தோம். க்ராஷ் நின்றுபோனது! கேசான் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குப் பின்னாலும் ஒரு காவல் இடம் விடும். நம் பிட்கள் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் அந்தக் காலி இடத்தில் விழுந்தன. எழுதியதைப் பார்க்க ஆளில்லை, பாதிப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. "கேசானில் சுத்தமாக ஓடுகிறது" என்று அறிக்கை எழுதி அனுப்பினோம். அந்த வரியை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான்.

தீர்வு 2019-இல், 5.3 கர்னலில் வந்தது. மார்கோ எல்வர் செய்தது. அடாமிக் எண்களுக்கு (இடையில் வேறு யாரும் புகாமல் ஒரே அடியில் மாறும் எண்கள்) ஏற்கெனவே இருந்த வழிதான்: எக்ஸ்86-இன் அசெம்பிளிச் செயல்களுக்கு ஆர்ச்_செட்_பிட் என்பதுபோல் முன்னொட்டுப் பெயர் வைத்துவிட்டு, செட்_பிட் என்ற பழைய பெயரில் சி மொழியில் ஒரு உறை எழுதுவது. உறை முதலில் அந்தப் பிட் அடங்கும் லாங்கின் முகவரியைக் கணக்கிட்டு, நிழலைச் சோதிக்கும் கேசான்_செக்_ரைட்டை 8 பைட்டுக்குக் கூப்பிடும். அப்புறம்தான் அசெம்பிளி. இதை எங்கள் 4.19-க்குக் கொண்டுவந்து பூட் செய்தோம். எல்லா ஸ்லாட்களையும் நிரப்பிய உடனே அறிக்கை வந்து விழுந்தது: 8 பைட் எழுத்து, 32 பைட் பகுதிக்கு வலப்பக்கம் 0 பைட் தள்ளி, ஒதுக்கியது இந்த ஃபங்ஷன். மூன்று வாரம் தேடியது அந்த ஒரே திரையில் இருந்தது.

தொடுவது ஒரு பைட்தானே, ஏன் 8 பைட்டையும் சோதிக்க வேண்டும் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். பிட் எண் மாறிலியாக இருந்தால் எக்ஸ்86 உண்மையிலேயே ஒரு பைட்டை மட்டும்தான் தொடுகிறது. ஆனால் இந்தச் செயல்களின் ஒப்பந்தம் லாங் கணக்கில்தான் இருக்கிறது. 32 பிட் ஃபிளாக் ஒன்றை லாங் பாயிண்டராக காஸ்ட் செய்து செட்_பிட்டிடம் கொடுக்கும் பழக்கம் டிரைவர்களில் உண்டு. எக்ஸ்86-இல் அது தற்செயலாக ஓடும். பிக் எண்டியன் (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்) 64 பிட் இயந்திரத்தில் 0-ஆவது பிட் எட்டாவது பைட்டில் உட்காரும், அந்தப் பைட் உங்களுடையதே அல்ல. முழு லாங்கையும் சோதித்தால் இந்தத் தவறை, குறைந்தபட்சம் ஃபிளாக் ஆப்ஜெக்டின் கடைசியில் இருக்கும்போதாவது, எக்ஸ்86-இலேயே பிடித்துவிடலாம். இந்தக் கண்டிப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உறை போடும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். யூசர் மெமரியைத் தொடுவதற்காக ஸ்மாப் (கர்னல் யூசர் மெமரியைத் தொடாமல் தடுக்கும் சிபியூ வசதி) பாதுகாப்பைச் சற்று நேரம் திறந்து வைக்கும் பகுதிகளில் வேறு ஃபங்ஷனைக் கூப்பிடக் கூடாது. இதை 5.2 முதல் ஆப்ஜ்டூல் (கம்பைல் ஆன கர்னல் கோடை ஆராயும் கருவி) சரிபார்க்கிறது. சிக்னல் கோடில் அப்படி ஒரு பகுதிக்குள் சிபியூ வசதி உண்டா என்று ஒரு டெஸ்ட்_பிட் ஒளிந்திருந்தது. உறை வந்ததும் அதற்குள் கேசான் கூப்பிடலும் வந்துவிட்டது. அதனால் அதே தொகுப்பில், பூட்டின்போதே கோடை மாற்றி எழுதிவிடும் ஸ்டாடிக்_சிபியூ_ஹாஸுக்கு அதை மாற்றினார்கள். உங்கள் 4.19-இல் ஆப்ஜ்டூலுக்கு இந்தச் சோதனை கிடையாது, கூச்சல் போடாது. அந்த மாற்றத்தையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள்.

முடிந்தால் புதிய கர்னலுக்கே போங்கள். 5.8-இல் இதே உறை வழியாகக் கேசிசான் என்ற இன்னொரு கருவியும் சேர்ந்துகொண்டது, டேட்டா ரேஸ்களும் (ஒரே மெமரியை இருவர் ஒத்திசைவின்றி ஒரே நேரத்தில் தொடுவது) சிக்கும். எந்தக் கர்னலானாலும் ஒரே ஆப்ஜெக்டுக்குள் ஒரு ஃபீல்டிலிருந்து அடுத்த ஃபீல்டுக்கு வழிந்தால் கேசானுக்குத் தெரியாது. ஒதுக்குவதற்குக் கைக்கணக்கு வேண்டாம், பிட் எண்ணிக்கையைச் சொன்னாலே இடம் ஒதுக்கித் தரும் பிட்மேப்_இசட்அலாக் 4.19-இலேயே இருக்கிறது.

பேட்சை எடுத்ததும் அதனுடன் வரும் சோதனையை ஓட்டிப் பாருங்கள். அது 9 பைட் கேட்கும், கர்னல் 16 கொடுக்கும். 64-ஆவது பிட்டை செட் செய்தால் தொடுவது ஒன்பதாவது பைட், அது நம்முடையதே. ஆனாலும் அந்த இரண்டாவது லாங்கின் நிழலில் 1 என்று இருப்பதால் அறிக்கை வரும், அடுத்தவர் மெமரியும் கெடாது. அந்த அறிக்கை வந்தால் உங்கள் உறை வேலை செய்கிறது. வராவிட்டால் எங்கோ இன்னும் நேரடியாக அசெம்பிளிக்கே போகிறது, அங்கிருந்து தேடுங்கள்.